தேதி இல்லாத குரல்கள்

கணினி எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று சொல்லிவிடு, அது பாட்டுக்கு வழியை விட்டுவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள் கணவன்தான். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் சொன்ன புத்திமதிகளில் அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான். சனிக்கிழமை காலை அதுவே அவள் தலையில் வந்து விடிந்தது.

வீட்டில் கணினி ஒன்று, ஆள் இரண்டு. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி பேசவைப்பது அவள் தொழில். அவளுக்கு விண்டோஸ் போதும். அவனுக்கு லினக்ஸ் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால் ஒரே பெட்டிக்குள் இரண்டையும் குடிவைத்திருந்தான். அவள் இடம் நிரம்பி வழிகிறதே என்று வெள்ளிக்கிழமை மாலை அந்த மகராசன் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, அதில் முக்கால்வாசியை ஒரே பாகமாக அவளுக்கு ஒதுக்கி, பயிற்சியின்போது அவள் எடுத்துவைத்த ஒலிப்பதிவுகளையெல்லாம் அங்கே மாற்றிவிட்டு, பழைய இடத்தைச் சுத்தமாகத் துடைத்தும் வைத்தான். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் லினக்ஸில் இருந்தபடியே வேலையை முடித்தவன், அந்தப் பாகத்தையும் லினக்ஸுக்கு மட்டும் புரிகிற முறையில் அமைத்துவிட்டான். விஷயத்தைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவன், காலையில் பல் தேய்க்கப் போய்விட்டான்.

அவள் விண்டோஸைத் திறந்தாள். ஒலிப்பதிவுகளைக் காணோம். புதிதாக ஒரு டிரைவ் மட்டும் இருந்தது. அதைத் தட்டினால், முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. ஆம் என்றாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று இன்னொரு தரம் எச்சரித்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? அதற்கும் ஆம் என்றாள்.

கணவன் வாயில் நுரையோடு வந்து பார்த்தபோது டிரைவ் கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக இருந்தது.

"ஆமா குடுத்துட்டியா?"

"நீங்கதானே எது கேட்டாலும் ஆமான்னு சொல்லச் சொன்னீங்க."

அவன் ஓடிப்போய் நுரையைத் துப்பிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். ஐம்பத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து, பதினான்கு மாதமாகப் பயிற்சிக்கு வருகிறவர். போன வாரம் மேசையில் கையை ஊன்றி எழுந்து, "போதும்மா. ஒண்ணும்... ஆகல" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, இன்னும் ஒரு தடவை மட்டும் வாங்க. முதல் நாள் நீங்க பேசினதைப் போட்டுக் காட்டறேன். கேட்டுட்டு அப்புறம் நிறுத்துங்க" என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த முதல் நாளைத்தான் இப்போது தன் கையாலேயே துடைத்துவிட்டாள். அந்த மனிதர் இனி வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

"அழாத" என்றான் கணவன். "எது எங்க இருக்குங்கற பட்டியலத்தான் கிழிச்சிருக்கு. சரக்கு உள்ளதான் கிடக்கும். அதுல புதுசா எதையும் எழுதாம இருந்தா எடுத்துடலாம்."

எடுத்தான். ஞாயிறு மாலை வரை நாற்காலியை விட்டு நகராமல், அத்தனை பெரிய பாகத்தையும் மூலை முடுக்கு விடாமல் துழாவி, கிடைத்ததை வேறொரு டிஸ்க்கில் சேர்த்தான். பதிவுகள் வந்துவிட்டன. ஆனால் பெயரும் தேதியும் வரவில்லை. எல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தபால்காரருடைய நாற்பத்தொன்றை அவள் பிரித்தெடுத்தாள். எது முதல் என்று அவளால் ஓரளவு சொல்ல முடியும். சொன்னால் அவர் நம்ப வேண்டுமே? இருபத்தைந்து வருடம் தபாலில் தேதி முத்திரை பார்த்தே பழகிய மனிதர். தேதி இல்லாததைக் காட்டினால், தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்.

திங்கட்கிழமை அவள் பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"தப்பு என்னுதுதான் அண்ணா. எல்லாம் கலந்துபோச்சு. எது முன்னாடி, எது பின்னாடின்னு உறுதியா சொல்ல முடியல."

தபால்காரர் அவளை முறைத்தார். பிறகு கையை நீட்டி, போடு என்று சைகை காட்டினார்.

அவள் ஒவ்வொரு பதிவின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, அதைப் போட்டுக்காட்டி, சீட்டை அவர் முன்னால் வைத்தாள். முதலில் வந்ததில் அவர் 'தண்ணி' என்று சொல்ல மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடுத்ததில் மகள் பெயரை முழுசாகச் சொன்னார். கேட்டவர் இரண்டாம் சீட்டை எடுத்து வலப்பக்கம் தள்ளினார்.

"இது... அப்புறம்."

அதன்பின் அவர் கை நிற்கவில்லை. இது இங்கே, அது அங்கே, இது ரெண்டுக்கும் நடுவிலே. ஒரு இடத்தில் தன் குரலைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. இன்னொன்றில் அவள் "உங்க பேர் என்ன அண்ணா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள், பதிலுக்கு மூச்சு மட்டும் வருகிறது, கடைசியில் ஒரு அழுகை. அந்தச் சீட்டை அவர் எல்லாவற்றுக்கும் இடப்பக்கத்தில், மேசையின் விளிம்பில் வைத்தார். அங்கிருந்து வலது கோடி வரைக்கும் மெதுவாக ஒரு தரம் பார்த்தார். அவர் மனைவியும் கூடவே பார்த்தாள்.

பிறகு ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து வலது கோடியில் வைத்து, ஒலிப்பதிவுக் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"தேதி... பதினேழு" என்றார் தபால்காரர், ஒவ்வொரு சொல்லாக. "திங்கக்கிழமை. இனிமே... தேதிய... நானே சொல்றேன்."