சொல்லிக்கொடுக்காத குப்பம்

பழவேற்காடு ஏரிக்கரையில் இரண்டு குப்பங்கள். மேலக்குப்பத்துக் கர்ப்பிணிகளுக்கு வைஜயந்தி பாடம் நடத்தலாம். கீழக்குப்பத்தில் நடத்தக் கூடாது. அங்கே கேள்விகளை மட்டும் கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். சில மாதம் கழித்து இரண்டு குப்பத்திலும் அதே கேள்விகளைக் கேட்டால், பாடம் நடத்தியதால் என்ன மாறியது என்பது தெரிந்துவிடும். அதுதான் அவளுடைய எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம் அது. நர்ஸாக இருப்பவர்கள் மேல்படிப்புப் படித்து, நர்ஸ் பள்ளிக்கூடத்தில் டியூட்டராக வருவது அபூர்வம். வைஜயந்தி பத்து வருஷத்துக்கு மேல் மதராஸில் பிரசவ வார்டில் நின்றவள். கல்யாணம் ஆகவில்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம் அவளுடையது. அண்ணன் எம்பார் அவள் இந்த வேலைக்குப் போனதை முழு மனசோடு ஏற்றுக்கொண்டதே இல்லை. வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அவள் உள்ளே நுழைய வேண்டும். டியூட்டர் ஆகிவிட்டால், 'தங்கை பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காகவே அவன் இந்தப் படிப்புக்குச் சம்மதித்தான்.

கீழக்குப்பத்தில் அன்று கடைசியாக அவள் போனது அஞ்சம்மாளின் குடிசைக்கு. நிறைமாசம். காலை நீட்டி உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள் அஞ்சம்மாள். பக்கத்தில் குப்பத்து மருத்துவச்சி கெங்கம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"கொழந்தை பொறந்ததும் தொப்புள்கொடியை எதால அறுப்பீங்க?" என்று கேட்டாள் வைஜயந்தி.

"அவரு செரைச்சிக்கிற பிளேடு கீதே, அதான்" என்றாள் அஞ்சம்மாள்.

"அறுத்த எடத்துல என்ன வைப்பீங்க?"

கெங்கம்மாள் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "வரட்டிச் சாம்பல்தாம்மா. சீக்கிரம் காஞ்சிப்பூடும்."

"இதுக்கு முன்னாடி பொறந்து தவறின கொழந்தை உண்டா?"

அஞ்சம்மாளின் கை வலைக்குள் நின்றது. "ரெண்டாவது புள்ள. ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தான். அப்பால வாய் கட்டிக்கிச்சு. பால் இழுக்கல. இசிவு வந்து இசிவு வந்து போய்ச் சேந்துட்டான்."

வைஜயந்திக்கு அது என்னவென்று தெரியும். ரணஜன்னி. அழுக்கான பிளேடிலிருந்தோ சாணிச் சாம்பலிலிருந்தோ தொப்புள் வழியாக உள்ளே போகும் விஷம். வில்லாக வளைந்து விறைத்த சிசுக்களை வார்டில் அவள் கையில் ஏந்தியிருக்கிறாள். பிளேடைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், தொப்புளில் எதையும் வைக்காதீர்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது.

"வேற எதுனா கேக்கணுமாம்மா?" என்றாள் கெங்கம்மாள்.

"இல்லே" என்று எழுந்துவிட்டாள் வைஜயந்தி.

பொன்னேரியில் ரயிலேறியபோது உட்கார இடம் இருந்தது. அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். மீஞ்சூரில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. வண்டி நகர்ந்துவிட்டது. இந்த விதியை அவள்மேல் யாரும் திணிக்கவில்லை. ஒரு குப்பத்துக்குப் பாடம், ஒரு குப்பத்துக்கு வெறும் கேள்வி என்று அவளேதான் காகிதத்தில் கட்டம் போட்டு, வழிகாட்டி மிஸ் ஆரோக்கியமேரியிடம் சபாஷ் வாங்கியிருந்தாள். காகிதத்தில் அது அழகாகத்தான் இருந்தது.

சனி, ஞாயிறு திருவள்ளூருக்குப் போனாள். புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். மன்னி வைதேஹி அரிந்து வைத்த காயையே மறுபடி அரிந்தாள். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.

"என்னடி இது, ஒரு எடத்துல உக்கார மாட்டியா? பாக்கறவாளுக்கே தலை சுத்தறது" என்றான் எம்பார்.

"ஒண்ணுமில்லேண்ணா."

"பரீட்சை எப்போ? உங்க ஆஸ்பத்திரிப் பள்ளிக்கூடத்துல எடம் காலியாறதுன்னியே."

"பங்குனி முடிஞ்சதும். அதுக்குள்ள ஆராய்ச்சியைக் குடுத்துட்டா எடம் எனக்குத்தான்."

"பின்னே என்ன கவலை?"

திங்கட்கிழமை காலையில் வைதேஹி தட்டைப் போட்டுக் கூப்பிட்டபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "பழவேற்காடு போறேன் மன்னி, நாழியாயிடுத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செங்குன்றத்தில் பஸ் மாறி, பொன்னேரியில் இன்னொரு பஸ் பிடித்து, அதற்கப்புறம் கொதிக்கும் மணலில் நடந்து கீழக்குப்பம் சேர்ந்தபோது உச்சி வெயில்.

அஞ்சம்மாளின் குடிசை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

"நேத்து விடியக்காலம்" என்றான் அவள் புருஷன் தேசப்பன், முகமெல்லாம் சிரிப்பாக. "ஆம்பளப் புள்ளம்மா."

வைஜயந்தி குனிந்து உள்ளே நுழைந்தாள். குழந்தை நன்றாகச் சிவந்து, கையை மூடிக்கொண்டு தூங்கியது. துணியை விலக்கிப் பார்த்தாள். தொப்புள் மேல் கறுப்பாகச் சாம்பல் அப்பியிருந்தது.

"இதுக்கு உடனே ஒரு ஊசி போடணும். பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம். தாமதிக்கக் கூடாது" என்றாள்.

"ஏம்மா, புள்ள நல்லாத்தானே கீது?"

"சாம்பல் வெச்சது தப்பு. பிளேடும் தப்பு. உன் ரெண்டாவது பிள்ளைக்கு வந்தது இதனாலதான் வந்தது."

அஞ்சம்மாள் பாயிலிருந்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். வைஜயந்தியின் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு வந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கினு போனியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் கம்முனு போனியா?"

விதி, ஆராய்ச்சி, கட்டம் என்று எதையும் அந்தக் குடிசைக்குள் எடுத்துச் சொல்ல முடியாது. "ஆமா" என்றாள்.

"இன்னா பொம்பளம்மா நீ" என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தேசப்பனின் சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. தீட்டுக் கழியாமல் பிள்ளையை வெளியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று கெங்கம்மாள் வந்து கத்தினாள். "இன்னாடா பேஜாரு இது, கேள்வி கேக்க வந்தவ புள்ளய தூக்கினு போறேன்றா!"

வைஜயந்தி வாதாடவில்லை. பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தான் யாரென்று சொல்லி, டாக்டர் கையில் காலில் விழாத குறையாகக் கேட்டு, விஷமுறிவு ஊசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு திரும்பினாள். தேசப்பன்தான் வழிவிட்டான். "போடட்டும். இன்னொண்ணையும் சாவக் குடுக்க முடியாது" என்றான் மனைவியிடம். கெங்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இடம்விட, அவள் வீட்டு அடுப்பிலேயே ஊசி கொதித்தது. வைஜயந்தி சாம்பலைத் துடைத்து, முதலில் துளி மருந்தைத் தோலில் போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, பிறகு மீதியைப் போட்டாள். குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு எவ்வளவோ இதமாக இருந்தது.

ஆனால் ஊசி தாமதமாகியிருக்கலாம். விஷம் உள்ளே போயிருந்தால் வாரம் போனால்தான் தெரியும். அவள் மதராஸுக்குத் திரும்பவில்லை. கல்லூரிக்கு ஒரு கார்டு போட்டுவிட்டுக் கெங்கம்மாள் வீட்டு ஓரத்தில் பாயை விரித்துக்கொண்டாள். ஏரிக்கரையில் உட்கார்வாள். உடனே எழுந்துவிடுவாள். படகுகள் போவதை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுக் குடிசைக்கு நடப்பாள்.

"பால் குடிச்சானா?"

"குடிச்சான்."

கொஞ்ச நேரம் போகும். மறுபடி வாசலில் நிழல் விழும். "வாயை நல்லாத் தெறக்கறானா?"

"நீ போம்மா! நீ வந்து வந்து கேக்கசொல்லோ எனக்குப் பாலே வத்திப்பூடும் போல கீது" என்று அஞ்சம்மாள் ஒருநாள் அழுதேவிட்டாள். அதற்கப்புறம் வைஜயந்தி கேட்பதில்லை. குழந்தை அழும் சத்தம் வருகிறதா என்று வெளியே நின்று காது கொடுப்பாள்.

சும்மா இருக்க முடியாமல் அவள் குப்பம் முழுக்கப் பாடம் நடத்தினாள். வீடு வீடாகப் போய்ப் பிளேடையும் நூலையும் கொதிக்க வைத்துக் காட்டினாள். ஆராய்ச்சி எப்படியும் போயிற்று, மிச்சம் வைத்து என்ன? கெங்கம்மாள் பிளேடைக் கொதிக்க வைக்கச் சம்மதித்தாள். சாம்பலை விடமாட்டேன் என்றாள். "எங்கம்மா காலத்துலேர்ந்து வெக்கறோம். அல்லாருமா செத்துப்பூட்டாங்க?" வைஜயந்தி விடாமல் அவளோடு மல்லுக்கு நின்றாள்.

வாரம் கழிந்தது. மேலும் சில நாள் கழிந்தது. குழந்தை வாயை அகலத் திறந்து அழுதான், முட்டி முட்டிக் குடித்தான். தொப்புள் காய்ந்து விழுந்தது. ஊசியால் பிழைத்தானா, விஷம் போகவே இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அவள் கிளம்பிய அன்று தேசப்பன் மட்டும் பஸ் வரை கூட வந்தான். அஞ்சம்மாள் வாசலுக்கு வரவில்லை.

மிஸ் ஆரோக்கியமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கீழக்குப்பம் போச்சு. அதோட ஒப்பிடத்தான் மேலக்குப்பம். அதுவும் போச்சு. உனக்குப் புரியுதா?"

"புரியுது மிஸ்."

"ஊசி போட்டது சரி. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஊர் முழுக்க ஏன் பாடம் நடத்தினே?"

"சாம்பல் வெச்சா ஜன்னி வரும்ங்கறது நமக்கு ஏற்கெனவே தெரியும் மிஸ். தெரிஞ்சதை மறைச்சு வெச்சுட்டு நான் எதை நிரூபிக்கணும்?"

"சாம்பல் தப்புன்னு தெரியும். நீ சொன்னா அவங்க விடுவாங்களா, அது தெரியுமா?" மிஸ் ஆரோக்கியமேரியின் குரல் உயர்ந்தது. "வருஷா வருஷம் நாம நர்சுகளை அனுப்பிப் பேச வைக்கிறோம். யாராவது கேக்கறாங்களான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் நீ கண்டுபிடிக்கப் போனே."

கெங்கம்மாளின் முகம் வைஜயந்தியின் நினைவுக்கு வந்தது. மிஸ் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் அலைக்கழித்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு ஊருக்கும் சொல்றேன் மிஸ். ஒரு ஊர்ல வாயால மட்டும். இன்னொரு ஊர்ல அவங்க கையாலேயே செய்ய வெச்சு. எது நிக்குதுன்னு பாக்கறேன். யாரையும் விட்டுட்டு வர மாட்டேன்."

மிஸ் ஆரோக்கியமேரி மேஜைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "பங்குனிக்குள்ள முடியாது" என்றாள் பிறகு. "இந்த வருஷப் பரீட்சை எழுத முடியாது. அந்த டியூட்டர் வேலை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"தெரியும்."

அந்த வேலைக்கு வேறொருத்தி வந்தாள். எம்பார் ஒரு மாதம் தங்கையோடு சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரி சம்பளமில்லாத விடுப்புதான் தந்தது. கவரைப்பேட்டையைச் சுற்றி இரண்டு கிராமங்களைப் பிடித்துக்கொண்டு வைஜயந்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றில் பேசினாள். இன்னொன்றில் கர்ப்பிணிகளையே அடுப்பு மூட்ட வைத்து, பிளேடைக் கொதிக்க வைத்து, துணிப் பொம்மைக்குத் தொப்புள் கட்ட வைத்தாள்.

அடுத்த வருஷம் கணக்கெடுத்தபோது, கையால் செய்த ஊரில் பிளேடைக் கொதிக்க வைப்பது நன்றாகவே நிலைத்திருந்தது. சாம்பல் மட்டும் இரண்டு ஊரிலும் பாதிக்குப் பாதி வீடுகளில் அப்படியே இருந்தது. அதை மறைக்காமல் எழுதினாள். பரீட்சகர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இதற்கு என்ன காரணம்?" என்று கேட்டார்.

"மருத்துவச்சிகளுக்கு நான் தனியாப் பாடம் நடத்தவே இல்லை" என்றாள் வைஜயந்தி.

பட்டம் கிடைத்தது. எழுபத்தாறில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன நர்ஸ் பள்ளிக்கூடத்தில் டியூட்டராகச் சேர்ந்தாள். வகுப்பில் அவளுக்கென்று போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சேர்ந்த வாரமே, சுற்றுவட்டாரத்து மருத்துவச்சிகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.