பேரம் பேசாத ஞாயிறு

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை பதினெட்டாயிரம். திரைச்சீலைக் கடைக்காரரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புது வீடு கட்டியவர்களும் தனிக்குடித்தனம் போகிறவர்களும் ஜன்னலை அளந்துகொண்டு கடைக்கு வருகிற நாள் அது. மற்ற ஆறு நாளும் கடை வாடகைக்காக உழைக்கும். ஞாயிறு ஒன்றுதான் கடைக்காரருக்காக உழைக்கும். அந்த நாளில் ஷட்டரை இறக்குவதென்றால் பதினெட்டாயிரத்தை எண்ணி எடுத்துச் சாக்கடையில் விடுவதற்குச் சமம். ஆற்றில் போட்டாலாவது அளந்து போடலாம்.

ஆனால் கேட்டது மனைவி. கடையில் கல்லாவைப் பார்ப்பவளும் அவள்தான். கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று அவர் வாய் தவறிக் கேட்டுவிட, ஒரு ஞாயிறு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஊரின் அந்தக் கோடியில் பழைய கிடங்குகளையெல்லாம் காப்பிக் கடைகளாக மாற்றியிருக்கிறார்களாம், தெரு முழுக்க ஞாயிற்றுச் சந்தையாம். ஆற அமர நடக்க வேண்டும், எங்கேயாவது உட்கார வேண்டும், யாருக்கும் எதையும் விற்கக் கூடாது என்றாள். நகை கேட்டிருந்தால் செய்கூலியிலாவது குறைத்திருப்பார். இதில் குறைக்க ஒன்றுமில்லை. சில மாதம் தள்ளிப்போட்டுப் பார்த்தார். வட்டி ஏறுகிற மாதிரி அவள் மௌனம் ஏறிக்கொண்டே போனதே தவிர, கேட்டது இறங்கவில்லை.

ஆகவே வந்துவிட்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, சும்மா நடப்பதும் ஒரு தொழில், அது அவருக்குக் கைவராத தொழில் என்று. அங்கே நடந்தவர்களெல்லாம் பழகிய கைகள். ஒரு ஜாடியை எடுத்துப் பார்ப்பதும், முகர்வதும், வைப்பதும், அரை நாள் அப்படியே போய்விடும் போலிருந்தது. இவரோ ஒவ்வொரு காப்பிக் கடை ஜன்னலையும் பார்த்து, அதற்கு எத்தனை மீட்டர் துணி பிடிக்கும், தையல் கூலி என்ன என்று மனசுக்குள் போட்டுக்கொண்டே நடந்தார். பாதி ஜன்னலுக்குத் திரையே இல்லை. வெயில் உள்ளே வரட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று மனைவி சொன்னபோது அவருக்குத் தொழில் மீதே நம்பிக்கை போய்விட்டது.

முதல் காப்பிக் கடையில் விலைப் பலகையைப் பார்த்தார். யானை விலை. இரண்டாக எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பது போல அவள் சிரித்தாள். பொதுவாகப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிற மனைவி, இந்த முறை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தையில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. துணிப்பை விற்கிற கடையில் மனைவி ஒரு பையைத் தொட்டுப் பார்த்தாள். உடனே இவர் விலை கேட்டார். விற்றவன் சொன்னான். "வேண்டாங்க, போகலாம்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அது அவர்களுடைய பழைய வித்தை. கொள்முதலுக்குப் போகிற ஊர்களிலெல்லாம் அப்படித்தான் செய்வார்கள்: அவள் நடக்க, இவர் பின்னாலேயே இழுபடுகிறவர் மாதிரி நடக்க, விற்கிறவன் கூப்பிட, விலை பாதியாகும். இங்கேயும் கூப்பிட்டான். பாதியாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அவளிடம் காட்டினார்.

"எனக்கு அது வேண்டவே வேண்டாம்னுதாங்க சொன்னேன்" என்றாள் அவள். அலுப்பாகத்தான் சொன்னாள். தன் கைப்பையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டு அவரையே சுமக்கச் சொல்லிவிட்டாள்.

மதியத்துக்கு மேல் இருவருக்கும் கால் ஓய்ந்துபோயிற்று. இரண்டாவது காப்பிக் கடையில் உட்கார இடம் கிடைத்தது; முதுகு சாய முடியாத, உயரமான முக்காலிகள். காப்பி வந்தது. அவள் கோப்பையைத் தொடாமல் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து நான் கடைக்கு வரலைங்க."

அவர் காப்பியை ஊதினார். "ஏன், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அலுத்துப்போச்சு. இனிமே முடியாது."

வேறு யாராவது கணவனாக இருந்தால் பதறியிருப்பான், அல்லது கோபப்பட்டிருப்பான். இவர் வியாபாரி. யாரும் முதல் வார்த்தையிலேயே அசல் விலையைச் சொல்வதில்லை என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். வரவே மாட்டேன் என்றால் அரை நாள் வருகிறேன் என்று அர்த்தம். ஆகவே காலையில் மட்டும் வந்தால் போதும் என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். சரி, உதவிக்கு ஒரு பெண்ணைப் போடலாம், மேற்பார்வைக்கு மட்டும் வா என்றார். அதற்கும் ஆட்டினாள். ஞாயிறு மட்டுமாவது என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நடந்தாள்.

இந்த இடத்தில்தான் அவர் தப்பு செய்தார். எழுந்து நடக்கிற கிராக்கியை நிமிர்ந்து பார்க்கக் கூடாது; பார்த்தால் விலை இறங்கிவிடும். தலையைக் குனிந்து துணியை மடித்துக்கொண்டிருக்க வேண்டும், தானாகத் திரும்பி வரும். மடிக்க அங்கே துணி இல்லை. காகிதக் கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். அவளுடைய காப்பி ஆறியது. காசு கொடுத்ததாயிற்றே என்று அதையும் குடித்தார். நிமிர்ந்தபோது தெருவில் அவள் இல்லை.

போன் போட்டார். அவர் தோளிலேயே மணி அடித்தது.

அதற்குப் பிறகு அவர் நடந்த நடையைச் சும்மா நடப்பது என்று சொல்ல முடியாது. சோப்புக் கடை, தொப்பிக் கடை, செடிக் கடை, ஓடாத கடிகாரங்களைக் குவித்து வைத்திருந்த கடை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு மறுபடியும் சுற்றினார். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற ஷூ குதிகாலைக் கடித்தது. பை விற்றவன் அவரைப் பார்த்து, அண்ணே, இன்னொண்ணு வேணுமா என்று கேட்டான். என் சம்சாரம் இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டார். எல்லாருடைய சம்சாரமும் இந்தப் பக்கம்தான் வந்தது என்றான் அவன். மனைவி உடுத்தியிருந்தது என்ன நிறம் என்று வேறு கேட்டான். திரைச்சீலையில் நீலம் எத்தனை வகை என்று ஒப்பிக்கிறவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

கடைகளைக் கட்டுகிற நேரத்தில், சந்தையின் கடைசியில் பழைய மரச்சாமான் விற்கிற இடத்தில் அவளைக் கண்டார். கை வைத்த பெரிய நாற்காலி ஒன்றில், தலை ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். விலைச் சீட்டு அவள் தோளுக்கு மேல் தொங்கியது.

கடைக்காரி, பெருத்த உடம்புக்காரி, இடுப்பில் கை வைத்து நின்றாள். "உங்க வீட்டம்மாவா? உக்காந்து பாக்கறேன்னாங்க, தூங்கிட்டாங்க. எழுப்ப மனசு வரல. ஆனா லோடு ஏத்தணுமே, சார்."

பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. கல்லாவில் அவளுக்கு ஒரு முக்காலிதான். முதுகு வைத்த நாற்காலி கேட்டபோது, அது இரண்டு துணிக்கட்டு இடத்தைப் பிடிக்கும் என்று கணக்குச் சொன்னவர் அவர்தான். அன்றைக்கு அவளும் அதை ஒத்துக்கொண்டாள், அவளுக்கும் கணக்குத் தெரியும். அத்தனை வருஷமும் சாயாத முதுகு இப்போது சாய்ந்திருந்தது.

விலை கேட்டார். நாலாயிரம் என்றாள் கடைக்காரி, பாதிக்குப் பேசுவார் என்று எதிர்பார்த்து. ஒரு கால் ஒட்டுப் போட்டது. மெத்தைத் துணி வெளுத்தது. அவருடைய கடையில் துடைக்கக்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு தாளாது. வாயைத் திறந்தார். பேரம் என்றால் சத்தம் வரும். சத்தம் வந்தால் விழித்துக்கொள்வாள். மூடிக்கொண்டார். நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். கடைக்காரிக்குச் சந்தேகம் வந்து, ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தன் சாமான்களைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியை இவர்கள் வீட்டில் போடுவதாக, வண்டிக்காரனைப் பேசிக்கொடுத்தாள். அதிலும் அவர் குறைக்கவில்லை.

பீரோவை ஏற்றிய சத்தத்தில் மனைவி விழித்தாள். அவரைப் பார்த்தாள், விலைச் சீட்டு இல்லாததைப் பார்த்தாள்.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"நாலாயிரம்."

"அந்தம்மா எவ்வளவு சொன்னாங்க?"

"நாலாயிரம்."

அவள் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"நாளைக்கு வரமாட்டேன்" என்றாள்.

"சரி."

"ஞாயித்துக்கிழமையும் வரமாட்டேன்."

அவர் தொண்டையில் மூன்று பதில் விலைகள் வரிசையாக நின்றன. விழுங்கினார். "சரிம்மா. கல்லாவுல நானே உக்காந்துக்கறேன்."

"அப்போ துணி யாரு வெட்டறது?"

 

வண்டி சாமான்களோடு போய்விட்டது. தெரு காலியாயிற்று. நடைபாதையில் அந்த நாற்காலி மட்டும், அதில் அவள். எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். விளிம்பு குளிர்ந்து கிடந்தது. சாய ஒன்றும் இல்லை. கால் முதல் இடுப்பு வரை ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகப் பேசியது. பதினைந்து வயதில் துணிக்கட்டுத் தூக்க ஆரம்பித்தவர், தானும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டி வருவதற்குள் அவள் பழக்கதோஷத்தில் அன்றைய கணக்கைப் போட்டாள், கண்ணை மூடியபடியே. காப்பி, பை, நாற்காலி, வண்டிக் கூலி. விற்பனை ஒன்றுமில்லை. அவர் திருத்த எதுவும் இல்லை, தொகை சரியாகத்தான் இருந்தது. விட்டுப்போனதை அவரே மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்.

"ஆள் ரெண்டு. நாற்காலி ஒண்ணு. பாக்கி ஒண்ணு."