ராணி போன இடம்

நுணலும் தன் வாயால் கெடும். பெண் பார்க்க வந்த அன்று சரஸ்வதியம்மாள், “தமிழ் வாசிப்பியா மக்களே?” என்று கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கியதை ரேஷ்மி பெருமையாகச் சொன்னாள். நாகர்கோவில்காரி. காபியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

ஸ்ரீவராகத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். வாசிக்கத்தான் தெரியாது. கணவன் கிரீஷ் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தைக் கோலம் பார்ப்பதுபோலப் பார்ப்பான். வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் மாமியார் சரஸ்வதியம்மாள். அவருக்குக் கண் மங்கியதும், வாசித்துக்காட்டுவதற்காக ரேஷ்மி தினமும் கழக்கூட்டம் வரை போய்ப் பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். வருடம் ஒன்றாகிவிட்டது.

வாசிப்பதும் ஒரே சரித்திரக் கதை. பழைய வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த ஐந்து பாகம். எங்கோ பனி கொட்டும் மலைநாட்டில், எந்தக் காலத்திலோ, எதிரி ராஜா ஒரு ராணியைக் கோட்டையில் அடைத்துவைத்திருக்கிறான். மூன்று பாகமாக அவள் சாளரம் வழியே பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். மாமியார் கண்ணயர்ந்த இடத்திலிருந்து மறுநாள் திரும்ப வாசிக்க வேண்டும் என்பதால் பெருமூச்சும் இரண்டு மடங்கு. அவளுக்காவது காவலுக்கு ஆயிரம் பேர், எனக்கு ஒரு கிழவி போதும் என்று ரேஷ்மி நினைப்பாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்வாள்.

பழைய கம்பெனியில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அம்மைக்க கதை தீரட்டும், பின்னே நோக்கலாம்,” என்றான் கிரீஷ், செருப்பை மாட்டிக்கொண்டே.

தீர வேண்டுமென்றால் தீர்த்துவிட்டால் போகிறது. முடிவு மாமியாருக்கு மறந்துபோயிருந்தது. “ஒண்ணும் ஓர்மை இல்ல மக்களே, நீ வாசிச்சாத்தான் உண்டு,” என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் ரேஷ்மி நாலாம் பாகத்தை விரித்தாள். புத்தகத்தில் ராணி அழுதுகொண்டுதான் இருந்தாள். ரேஷ்மி அவளைக் கண்ணைத் துடைக்கவைத்தாள். காவலன் அசந்த நேரம் பார்த்துச் சாவியை எடுக்கவைத்தாள். பனியில் இறக்கி நடக்கவைத்தாள்.

“‘ராணி திரும்பிப் பார்க்கவே இல்லை. முற்றும்.’ கதை தீந்துது அத்தை.”

சரஸ்வதியம்மாள் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பின்னே அஞ்சாம் பாகத்துல என்னவாம்? சமையல் குறிப்பா?”

ரேஷ்மி புத்தகத்தை மூடினாள்.

“வாராவாரம் கிழிச்சுத் தைச்சு வச்சது நானாக்கும். அவ போகமாட்டா. கடைசி வரை அந்தக் கோட்டையிலதான் கிடப்பா. எனக்கு எல்லாம் மனப்பாடம்.”

“அப்போ ஓர்மை இல்லன்னு சொன்னது?”

“உண்டுன்னு சொன்னா நீ பக்கத்துல இருந்து வாசிப்பியா?”

ரேஷ்மிக்குக் கோபம் பொங்கியது. ஒரு வருடம்! கத்த வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது.

“கரையாண்டாம், கண்ணைத் துடை. நீ விட்ட ராணி எங்கே போனா? அதைச் சொல்லு.”

“கழக்கூட்டத்துக்கு.”

மாமியார் முந்தானையால் மங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டார். “சாயங்காலம் திரும்பி வருவாளா?”

“வருவா.”

“அப்போ போட்டும். அந்த முதல் பாகத்தை எடுத்து இங்கே வை. வந்த பொறவு வாசிக்கலாம்.”

ரேஷ்மி போனில் பதிலை அனுப்பினாள். பிறகு அலமாரியைத் திறந்து முதல் பாகத்தை எடுத்தாள். அதன் முதல் அத்தியாயத்தில்தான் ராணியைக் கோட்டைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்துகிறார்கள்.