நாற்பத்தோராம் எண் வில்லை

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆர்லெட்டா சுரங்கத்துக்குப் போய்த் திரும்பிய பத்து வண்டிகளுக்குப் பின்னால் பதினோரு வண்டிகளின் புழுதி வந்தது. எண்ணிச் சொன்னவள் மைட்டே. டான்சி வெல்ஸ் ஊரில் டயர் கடை வைத்திருப்பவள், எங்கள் ஜீப் சங்கத்தின் தலைவி, எண்ணிக்கையில் தப்பு செய்கிறவள் அல்ல. பதினோராவது புழுதி மற்றவற்றைப் போலவேதான் இருந்தது. மேட்டில் மெலிந்தது, ஓடை மணலில் தடித்தது, வளைவில் கொஞ்சம் தாமதித்தது. முன்னால் வண்டி மட்டும் இல்லை. அந்த வருடம் நெவாடாவில் மழை குறைவு, அதனால் புழுதி அதிகம் என்று பேசிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த வருடம் நல்ல மழை. புழுதி அப்போதும் வந்தது.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்பே காணாமல் போன ஆரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரின் டோலஃப்சன் எங்கள் வரிசையின் கடைசி வண்டிக்காரன். பச்சை நிறத்தில் ஒரு பழைய ஸ்கவுட் ஜீப், அதற்குப் பின்பக்க வலது டயர் மட்டும் வேறு ஜாதி. மைட்டே எத்தனையோ தடவை மாற்றச் சொன்னாள், அவன் கேட்கவில்லை. கடைசியில் வருபவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒன்பது பேருடைய புழுதியையும் அவன்தான் தின்ன வேண்டும். இருபத்திரண்டு மைல் மலைப்பாதையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: உன் பின்னால் வருபவன் உன் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிந்த பிறகு ரேடியோவில் ‘பார்த்துட்டேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். அந்தப் பாதையில் பிரிவு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். காட்டுக் கழுதைகள் எப்போதும் நின்றுகொண்டிருப்பதால் அதற்குக் கழுதை முக்கு என்று பெயர். திரும்பி வரும்போது வலது பாதை ஊருக்கு வரும். இடது பாதை மூடப்படாத பழைய சுரங்கக் குழிகளுக்குப் போகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது சுரங்கக்காரர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. ஆர்லெட்டாவில் இடிந்து கிடந்த அலுவலகத்தில் ஒரு பலகையும் பித்தளை வில்லைகளும் கிடைத்தன. ஆளுக்கு ஒரு எண். சுரங்கத்தில் இறங்கும்போது தன் வில்லையை ‘உள்ளே’ என்ற பக்கம் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் ‘வெளியே’ பக்கம் மாற்ற வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு வில்லை உள்ளே தொங்கினால் யாரோ இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அந்தப் பலகையை மலைப்பாதையின் கேட்டில் மாட்டி வைத்தோம். ஆரினுடையது நாற்பத்தொன்று. அவனுக்கு முன்னால் போகும் டெல்மருடையது பதினேழு. சுரங்கக்காரர்கள் தங்கள் வில்லையைத் தவிர இன்னொருவன் வில்லையைத் தொட மாட்டார்கள். நாங்கள் பொழுதுபோக்குக்காரர்கள்தானே, வெயிலில் களைத்து வரும்போது பக்கத்து வண்டிக்காரனுடையதையும் சேர்த்து மாற்றிவிடுவோம். அதை உபகாரம் என்று நினைத்தோம்.

ஆரின் காணாமல் போன சனிக்கிழமை, மாலையில் கேட்டில் எல்லா வில்லைகளும் வெளியேதான் தொங்கின. மைட்டேயின் தம்பி சொரிசோ தொத்திறைச்சி சுட்டுக் கொடுத்தான், தின்றுவிட்டுக் கலைந்தோம். ஆரின் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் பிடிக்காதவன், முன்னாலேயே போயிருப்பான் என்று விட்டுவிட்டோம். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவன் மனைவி வெர்னா அப்போது பிள்ளைகளை ரீனோ நகரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதுதான் அவன் வரவில்லை என்று தெரிந்தது. ஷெரிஃப் கேட்டபோது டெல்மர் ஒரு வாக்கியம் சொன்னான்: ஆரின் வெளியே வந்தான், தானே வில்லையை மாற்றினான், நான் பார்த்தேன். அப்படியானால் யாரிடமும் சொல்லாமல் மறுபடி உள்ளே போயிருக்கிறான். ஒன்பது நாள் தேடினார்கள். கேட்டிலிருந்து தொடங்கி ஊர்ப்பக்கத்து ஓடைகளில்தான் முதல் ஐந்து நாள் போனது. வண்டியும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்கப் போனான் என்றார்கள் சிலர். வெர்னாவைவிட்டு ஓடினான் என்றார்கள் வேறு சிலர். சங்கம் தன் பங்குக்கு ஒரு புதிய விதி எழுதியது: தனியாகத் திரும்பிப் போகக் கூடாது. அதற்கு ‘ஆரின் விதி’ என்று பெயர் வைத்தோம், மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு. முப்பது வருடம் கடைசியில் வந்து ஒருவரையும் தொலைக்காத மனிதனின் பெயர் ஒரு முட்டாள்தனத்தின் பெயராகிவிட்டது. இரண்டாம் வருடம் வெர்னா தன் டொயோட்டாவோடு சங்கத்தில் சேர்ந்தாள். புறப்படும் முன் விதிகளை வாசிக்கும்போது மணல் பாதைக்காக டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டே அதையும் கேட்பாள். ஏன் வருகிறாய் என்று மைட்டே கேட்டதற்கு, “அவர் அப்படிப் போற ஆளு இல்ல. எனக்கு அது மட்டும் தெரியணும்” என்றாளாம்.

புழுதியைப் பற்றி மூன்றாம் வருடத்துக்குள் எங்களுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டுவிட்டன. அது சுரங்க ஆலையின் இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில், நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது தொடங்கும். எப்போதும் டெல்மரின் வண்டிக்குப் பின்னால்தான் வரும். அவனை வரிசையின் நடுவில் விட்டால் அவனுக்கு அடுத்து வருபவனுக்குக் கண் தெரியாது. ஒருமுறை ஒருவன் பாறையில் மோதி விளக்கை உடைத்துக்கொண்டான். அதனால் டெல்மரைக் கடைசிக்கு மாற்றினோம். கழுதை முக்குவரை வந்து, அங்கே ஒரு நிமிடம் நின்று, இடது பாதையில் குழிகளின் பக்கம் போய்விடும். கழுதைகள் ஒதுங்கி வழிவிடும். நாற்பத்தோராம் எண் வில்லையும் அதே சமயத்தில் அடம் பிடிக்க ஆரம்பித்தது. வெளியே மாட்டினால் காலையில் உள்ளே தொங்கும். கம்பி கட்டினோம், பிறகு வெல்டிங் செய்து பற்றவைத்தோம். பற்றவைத்த தழும்பு வெளியே பக்கத்தில் இருக்கிறது, வில்லை உள்ளே பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அதை விட்டுவிட்டோம்.

டெல்மர் கெட்டவன் இல்லை. ஆறு வருடமும் வெர்னாவின் வீட்டுக் கூரையை அவன்தான் பழுது பார்த்தான், குளிர்காலத்துக்கு விறகு வெட்டிப் போட்டான், காசு வாங்கவில்லை. நல்ல மனிதன் என்று நாங்கள் மெச்சினோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா என்ன, ஆனால் விறகு வெட்டுகிறவனைச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது.

ஏழாம் வருடம் வெர்னா கடைசிக்கு முந்தைய வண்டியாக வந்தாள். அதாவது அவள் பின்னால் வருபவன் டெல்மர், அவள் பொறுப்பு. கழுதை முக்கில் வண்டியை நிறுத்தினாள். கண்ணாடியில் புழுதி தெரிந்தது. பார்த்துட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்கள் முன்னால் வரிசையாக நின்று அவள் சொல்லுக்குக் காத்திருந்தோம். இரண்டு மூன்று நிமிடம் போனது. பிறகு ரேடியோவில் அவள் குரல் வந்தது.

“புழுதி தெரியுது டெல்மர். வண்டி தெரியல.”

“வந்துட்டேன், வந்துட்டேன். நீ நகரு.”

அவன் வண்டி மேட்டில் ஏறி அவள் பின்னால் வந்து நின்றது. அவள் நகரவில்லை.

“உன் பின்னால யாரு வர்றா?” என்று கேட்டாள்.

அது முக்கில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், சட்டத்திலேயே இருப்பது. ஆனால் கடைசி வண்டியிடம் அதைக் கேட்பதில்லை. டெல்மர் கண்ணாடியைப் பார்த்தான். புழுதி அவனுக்கு நான்கு வண்டி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது, ஆரின் எப்போதும் விடுகிற இடைவெளி. முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன.

“அன்னைக்கும் புழுதியத்தான் பாத்தேன் வெர்னா,” என்றான் டெல்மர். “வண்டியப் பாக்கல. என் புழுதிதான் அது. ஏழு மணிக்கு டிவில பேஸ்பால் ஆட்டம், அதான் பாத்துட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வில்லைய நான்தான் மாத்தினேன். பின்னாலதானே வர்றான்னு நெனச்சேன்.”

மீதியை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முக்கில் யாரும் நிற்காததால், டெல்மர் கிளப்பிய புழுதியில் பாதை தெரியாமல் ஆரின் இடதுபக்கம் திரும்பியிருக்கிறான். அவன் ரேடியோவின் கம்பி அன்று காலையிலேயே ஒடிந்துபோயிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷெரிஃபிடம் சொன்ன ஒரு வாக்கியம் ஏழு வருடமாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்திருக்கிறது. நாங்கள் வெட்கப்பட்டோம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்பது வண்டிக்காரர்கள் நின்று சொரிசோ தின்றோம், ஒருவன்கூட எண்ணவில்லை.

வெர்னா அழவில்லை, திட்டவும் இல்லை. “இப்ப எறங்கி நில்லு” என்றாள். டெல்மர் இறங்கினான். இடது பாதையின் வாயில் போய் நின்று, தொப்பியைக் கழற்றி, வண்டிகளுக்கு வழி காட்டுகிறவன் செய்வதுபோல வலதுபக்கம் வீசினான். புழுதி அவன்வரைக்கும் வந்தது. அவன் மேல் படிந்து, அவனைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. அவன் இருமிக்கொண்டே தொப்பியை வீசினான். பிறகு அது வலதுபக்கம் திரும்பியது. வெர்னா கண்ணாடியைப் பார்த்தாள். “பார்த்துட்டேன்” என்றாள், அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. மீதிப் பாதை முழுக்க அவள் மெதுவாகவே ஓட்டினாள், புழுதியும் நான்கு வண்டி தூரம் விட்டே வந்தது.

கேட்டில் அது சரளைக் கற்களின் மேல் அடங்கியது. அடங்கிய இடத்தில் டயர்த் தடம் இருந்தது, பின்பக்க வலது டயர் மட்டும் வேறு ஜாதி. மைட்டே குனிந்து பார்த்து, தான் சொன்னபடி மாற்றியிருக்கலாம் என்று முணுமுணுத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். நாற்பத்தோராம் வில்லையை வெர்னா எடுத்து வெளியே மாட்டினாள். மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. ஆரின் விதியை மைட்டே பேனாவால் அடித்தாள். ஷெரிஃப் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டு, அந்தக் குழிகளின் ஆழத்தில் இனித் தேட வழியில்லை என்று சொல்லி மூடினார்.

டெல்மர் அரை மணி நேரம் கழித்து வந்து பதினேழாம் வில்லையை வெளியே மாற்றினான். அவன் கை எடுப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது. மறுபடி மாற்றினான். ஐந்தாறு தடவைக்கு மேல் நாங்கள் பார்க்க விரும்பவில்லை. அவன் ஊரில்தான் இருக்கிறான். கடைக்கு வருகிறான், பால் வாங்குகிறான். அவன் நின்ற இடத்தைப் பெருக்க வேண்டியிருக்கும், அவ்வளவு புழுதி. பேசினால் குரல் தூரத்து ரேடியோவிலிருந்து வருவதுபோல இரைச்சலோடு வரும். கடைக்காரன் பழகிவிட்டான். டெல்மர் ஜீப்பை விற்றுவிட்டான், மலைப்பக்கம் வருவதே இல்லை. ஆனால் பலகையின்படி அவன் இன்னும் உள்ளே இருக்கிறான்.

இப்போது கடைசி வண்டி வெர்னாவுடையது. திரும்பும்போது கழுதை முக்கில் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் நிற்கிறாள். முதல் வருடம் மைட்டேக்குப் பொறுக்கவில்லை.

“அவன் வீட்டுல கால நீட்டி டிவி பாத்துட்டு இருக்கான் வெர்னா. யாருக்கு நிக்கிற?”

“வில்லை உள்ள இருக்கே.”

“அவன மன்னிச்சிட்டியா?”

“இல்ல,” என்றாள் வெர்னா. “அது வேற, வரிசை வேற. பின்னால இருக்குறவன விட்டுட்டு வர எனக்குத் தெரியாது.”

மூன்று வருடம் கண்ணாடியில் மலை மட்டும்தான் தெரிந்தது. இந்த மே மாதம் ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லியதாக ஏதோ எழுந்தது என்றாள். காற்றாகவும் இருக்கலாம், தான் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன் என்றாள். பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். நாங்கள் கேட்டில் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தோம்.