உள்ளே போகாத வழிகாட்டி

1

இந்தக் கதை பொரித்த ரொட்டியில் பிறந்தது. எருசலேமிலிருந்து எபிரோன் வரை ஒருநாள் சுற்றுலா போகும் பேருந்துகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. எழுதுவது என் வியாதி. ஒரு நாள் எண்ணெய் காய நேரமாகிவிட, பெட்டிகளை நானே தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறும்படி ஆனது. எபிரோனில் ஆபிரகாமும் சாராளும் அடங்கிய குகை. அதன் மேல் எழுந்து நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்துக்குள் கூட்டம் முழுவதும் போய்விட்டது. வழிகாட்டி சாஸி மட்டும் வெளியே, சுவரில் சாய்ந்து நின்றார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றேன்.

"உள்ள இருக்கறவங்ககிட்டதான். இந்நேரம் சாராள் பக்கம் திரும்பியிருப்பாங்க. இடிச்சுக்காம போங்கன்னு சொல்றேன்."

"நீங்க போகலையா?"

"நானா? நான் உள்ள போனதே இல்லையே," என்றார், பல் இல்லாதவர் முறுக்கு வேண்டாம் என்று சொல்வதுபோல.

முப்பது வருஷமாக ஓர் இடத்தைச் சுற்றிக்காட்டும் மனிதர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரொட்டி ஆறிப்போச்சு என்று அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். எதுவும் காதில் ஏறவில்லை.

இதுவரை நடந்தது. இனி வருவதில் எது நடந்தது, எது என் கைவேலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

2

எங்கே தொடங்குவது என்று பல நாள் திண்டாடினேன்.

"எருசலேமின் பழைய கற்களின்மேல் பொற்கதிர்கள்—" (வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சூரியனைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அதற்கும் ஓய்வு வேண்டாமா?)

"சாஸி ஒரு கோஹேன். ஆகவே அவர்—" ('ஆகவே' வந்துவிட்டால் அது கட்டுரை.)

ஆனாலும் அதைச் சொல்லாமல் நகர முடியாது. கோஹேன் என்றால் யூதர்களில் ஆரோனின் வழிவந்த ஆசாரியர் குலம். எருசலேம் ஆலயம் இடிந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகப்போகின்றன, குலம் இடியவில்லை. அவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, ஒரு தடையும் உண்டு. தினமும் காலையில் ஜெபக்கூடத்தில் சால்வையைத் தலைக்கு மேல் போர்த்தி, கைகளை உயர்த்தி மக்களை ஆசீர்வதிப்பது கொடுப்பினை. கல்லறையை நெருங்கக் கூடாது என்பது தடை.*

* மகான்களின் சமாதிக்கு இந்தத் தடை கிடையாது என்று சொல்லும் ரப்பிகளும், அதாவது யூத மதகுருக்களும், உண்டு. ஆனால் சாஸி பிறந்தது துனிசியாவின் ஜெர்பா தீவில், தெருத் தெருவாக கோஹேன்களே வாழ்ந்த சின்ன ஹாரா என்ற யூதக் குடியிருப்பில். அங்கே சலுகை கேட்கிறவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அந்த ஜெபக்கூடம் என் வீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. தக்காளி விலைக்காகத் தொண்டை கிழியச் சண்டை போடுகிற ஆட்கள், எங்கள் பேருந்து டிரைவர் ஷப்தாய் உட்பட, அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தங்கள் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்பார்கள். ஆசீர்வதிக்கும் கைகளை யாரும் பார்ப்பதில்லை. சாஸியின் கரகரத்த குரல் ஒவ்வொரு சொல்லாக மேலே ஏறி வரும். நான் அவர்கள் மதத்தவன் இல்லை. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். அந்தச் சில நொடிகளில் இந்த உலகத்தின் மேல் யாருக்கோ அக்கறை இருக்கிறது என்று தோன்றிவிடும்.

3

பார்க்காத இடத்தை எப்படி விவரிக்கிறார்? கேட்டதை வைத்துத்தான். உள்ளே போய் வந்த ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். விளக்கு, திரைச்சீலை, தரையில் ஒரு துளை, அதன் வழியே ஏறி வரும் குளிர்ந்த காற்று. நிஜமான குகை அந்தத் தரைக்கும் கீழே, மூடியபடி கிடக்கிறது. மேலே தெரிவதெல்லாம் துணி போர்த்திய அடையாளச் சமாதிகள்தான். இதையெல்லாம் கோத்துக் கோத்து சாஸி தனக்குள் ஒரு கட்டடம் கட்டிவிட்டார்.

ஒருமுறை எவனோ ஒரு குறும்பன், சாராளின் சமாதிக்கு மேலே வளைவில் ஒரு குருவிக்கூடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். சாஸி அதையும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் கண் கலங்கத் திரும்பி வந்து, "கூட்டைப் பாத்தோம் சாஸி!" என்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்திருக்கிறேன். கூடு இருந்ததா என்று சொல்ல மாட்டேன்.

(இந்த ஊரின் சண்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். துப்பாக்கியோடு நிற்கும் பையன்கள், சோதனைச் சாவடி, பூட்டிக் கிடக்கும் கடைத்தெரு, ஒரே கட்டடத்தின் மறுபாதியில் தொழுகை. ஆபிரகாமை இரண்டு வீட்டாரும் அப்பா என்கிறார்கள், அப்பா வாயே திறப்பதில்லை. அதைத் தூக்க இந்தக் கதைக்குத் தோள் போதாது. சாஸி நிற்கும் இடத்தில் முன்பு ஏழாவது படி இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நூற்றாண்டுகளாக யூதர் எவரும் அதற்கு மேல் ஏற அனுமதியில்லை. அந்தக் காலம் போய்விட்டது. சாஸி மட்டும் அங்கேயே நிற்கிறார்.)

4

முதல் இரண்டு வரைவுகளில் சாஸியின் மனைவி கஸாலா உயிரோடுதான் இருந்தாள். மாடியிலிருந்து அவரை ஏசுவாள், என் ரொட்டியில் எலுமிச்சை ஊறுகாய் போதவில்லை என்பாள். நல்ல பெண்மணி. கதைதான் நகரவில்லை. மூன்றாவது வரைவில் அவளைக் கொன்றேன். கதை எழுதுகிறவனுக்கு இதற்கெல்லாம் தண்டனை கிடையாது என்பது பெரிய அநியாயம்.

மனைவியின் அடக்கத்துக்கு மட்டும் கோஹேன் போகலாம். மண் மூடிய கையோடு தடை திரும்பிவிடும். எட்ட நின்றாவது பார்க்கட்டும் என்று கோஹேன் வீட்டாருக்குச் சாலையோரமாகக் கல்லறை தருவார்கள். கஸாலாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. (கிடைக்கவிடவில்லை, நான்.) போகிற ஊரிலெல்லாம் சாஸி ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி மகளிடம் கொடுப்பார், அவள் அம்மாவின் கல்லறைமேல் வைப்பாள். கல் வைப்பது அவர்கள் வழக்கம். அவர் வேலிக்கு வெளியே நிற்பார்.

கதை நடக்கும் அன்று காலை, பேருந்து கஸாலாவின் கல்லறை இருக்கும் மலைச்சரிவைத் தாண்டும்போது ஷப்தாய் வேகத்தைக் குறைத்தார்.

"என்னய்யா, வாய் ஒட்டிக்கிச்சா? மத்த நேரமெல்லாம் ரேடியோ மாதிரி கத்துவியே."

சாஸி மைக்கை எடுத்தார். "அந்தச் சரிவுல என் பொண்டாட்டி இருக்கா. கஸாலா. நான் கோஹேன், கிட்டப் போகக் கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கத்திப் பேசுவேன். அவ இருந்தப்பவும் அப்படித்தான், கிட்டப் போனா அடி விழும்."

பேருந்தே சிரித்தது. முன் இருக்கைக் கிழவி மட்டும் சிரிக்கவில்லை. பெயர் கமூனா. பிறந்தது ஜெர்பாவில், வாழ்வது பிரான்சின் மார்சேயில்.

5

எபிரோனில் சாஸி வழக்கம்போல் கதை சொன்னார். ஆபிரகாம் ஊரெல்லாம் அலைந்தவர். நாடு முழுக்க உனக்கு என்று கடவுள் வாக்குக் கொடுத்திருந்தும், மனைவி செத்தபோது அவளைக் கிடத்த ஒரு முழ நிலம் சொந்தமாக இல்லை. ஊர்க்காரர்கள் முன்னால் எழுந்து, குனிந்து வணங்கி, விலை பேசி இந்தக் குகையை வாங்கினார். "இந்த மண்ணுல அவர் முதல்ல வாங்கின இடம் அரண்மனை இல்ல. பொண்டாட்டிக்கு ஒரு..." சாஸி வாசலைக் கைகாட்டினார். "சரி சரி, உள்ள போங்க. கூட்டைப் பாக்க மறந்துடாதீங்க."

எல்லாரும் போனார்கள். கமூனா போகவில்லை. "என் முட்டி படியேறாது," என்று சாஸியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ யார் வீட்டுப் பிள்ளை, மகனே?"

"சின்ன ஹாராம்மா. நகை செய்யற ஃப்ராஜியோட பேரன்."

"அப்போ உங்கப்பாவைப் பெத்தவ மெய்ஸா."

"ஆமா! தெரியுமா உங்களுக்கு?"

"அவளுக்கு அதுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு."

"தெரியும், காபெஸ் ஊர்ல. அவர் செத்துட்டாரு. விதவையை கோஹேன் கட்டிக்கலாம், தப்பில்ல."

கமூனா கைத்தடியைத் தரையில் தட்டினாள். "செத்துட்டாரா! நான் சின்னப் பொண்ணா இருக்கறப்போ, காபெஸ் கடைத்தெருவுல அந்தச் செத்துப்போன மனுஷன் எனக்கு எள்ளு மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு. எங்கம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. 'அவன்தான்டி மெய்ஸாவைத் தள்ளி வெச்சவன். ஊர்ல வாயைத் திறந்த, கொன்னுடுவேன்'னா."

விவாகரத்தான பெண்ணை கோஹேன் மணக்கக் கூடாது. மணந்தால் பிள்ளைகளுக்கு அந்தக் குலத் தகுதி இல்லை. அப்பாவுக்கு இல்லை என்றால் மகனுக்கும் இல்லை. அப்படியானால் அவருக்குத் தடையும் கிடையாது. இந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. அந்த வேலியும்தான். ஆனால் அந்தக் கைகள் இனி உயரக் கூடாது.

"இதை ஏம்மா இப்போ சொல்றீங்க?"

"வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தறேன்னு சொன்னியே. அதுக்குத்தான்."

6

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

கமூனா பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மனிதன் மனைவியின் கல்லறையைத் தொட முடியாமல் தவிக்கிறான் என்று காலையில் கேட்டவள், இரக்கப்பட்டு, பேருந்து எபிரோன் வந்து சேருவதற்குள் ஒரு செத்தவனை உயிர்ப்பித்து அவன் கையில் மிட்டாயைக் கொடுத்திருக்கலாம். என் தொழிலும் அதுதானே. அவளை எழுதும்போது முகத்தை எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

ஷப்தாய் காபியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது.

"ஒரு கிழவி பேச்சுக்கா? சட்டத்துல அது செல்லுமாய்யா?"

"ஒருத்தர் வாய்ச்சொல்லு செல்லாது. ஆனா கேட்டவன் அதை மனசார நம்பிட்டான்னா, அவனைப் பொறுத்தவரைக்கும் செல்லும்னு எங்க ரப்பி சொல்லுவாரு."

"அப்போ நம்பாத! என் பையன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உன் கைக்குக் கீழதான்யா நின்னேன். அது என்னாகும்? திருப்பிக் குடுக்கணுமா?"

"அவன் நல்லாதான இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். போன வாரம் என் காரைக் கொண்டுபோய் இடிச்சான்." ஷப்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "சாஸி, கூடவே ஒண்ணு கேக்கறேன். உனக்கு அவகிட்டப் போகணும்தான?"

சாஸி கீழே குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தார்.

7

ஒரு முடிவு எழுதினேன். சாஸி அந்த ஏழாவது படி இருந்த இடத்தைத் தாண்டுகிறார். உள்ளே போய், சாராளின் சமாதிக்கு மேலே வளைவை நிமிர்ந்து பார்க்க, அங்கே— (கிழித்துவிட்டேன். அங்கே இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

இன்னொன்றும் எழுதினேன். மறுநாள் காலை, ஜெபக்கூடம். சாஸி சால்வையைப் போர்த்துகிறார். ஷப்தாய் வளர்ந்த மகனைப் பிடித்து இழுத்துத் தன் சால்வைக்குள் வைத்துக்கொள்கிறார். கைகள் மெல்ல எழும்ப— (இதை எழுதும்போது அழுதுவிட்டேன். ஆனால் அந்த நேரம் மலைச்சரிவில் கஸாலா தனியாகக் கிடந்தாள். அவளை அங்கே வைத்தவன் நான். அதையும் கிழித்தேன்.)

8

ஆகையால் கதை இன்னும் படியிலேயே நிற்கிறது. சாஸி கல்லைக் கையில் உருட்டியபடி என்னைப் பார்த்தார்.

"நீதான எழுதற. அவ சொன்னது நெசமா?"

"தெரியலை."

"உனக்கே தெரியலைன்னா வேற யாருக்குடா தெரியும்?"

வேறு யார்? நீங்கள்தான். கமூனா என் கற்பனை, அந்த எள்ளு மிட்டாய் என் கைவேலை. அது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் காபெஸ் கடைத்தெருவில் ஒரு மனிதர் குனிந்து ஒரு சிறுமியின் கையில் மிட்டாய் வைத்ததை ஒரு நொடி பார்த்தீர்களா? மனசார நம்பினீர்களா? நம்பியிருந்தால் விஷயம் முடிந்தது. சாஸி கோஹேன் இல்லை. இன்று மாலையே போய் அந்தக் கல்லைத் தன் கையால் வைக்கலாம். விடிந்தால் என் சன்னலுக்குக் கீழே அந்தக் குரல் இருக்காது. நம்பவில்லை என்றால் குரல் இருக்கும், வேலியும் இருக்கும்.

எனக்காகவோ அவருக்காகவோ சொல்ல வேண்டாம். நம்பினீர்களா, அது மட்டும்தான் கேள்வி.

இதோ, கூட்டம் வெளியே வருகிறது. முதலில் வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட்டைப் பாத்தோம் சாஸி!" என்கிறாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கல்லோடு சேர்த்து இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.