கைரேகை பொருந்தவில்லை

“இன்னாம்மா யோசிச்சிகினு கீற? எஸ் குடு,” என்றார் மேனேஜர் டில்லிபாபு.

பாண்டிச்செல்வியின் விரல் அசையவில்லை. திரையில் எச்சரிக்கை நின்றது: எதிர்முனை சர்வரின் கைரேகை மாறியிருக்கிறது, தொடரலாமா? ஒவ்வொரு சர்வருக்கும் தனி எழுத்துச் சரம் உண்டு. அதுதான் அதன் கைரேகை.

பிள்ளைப்பாக்கத்தில் கார் பாகங்களுக்கு மோல்டு செய்யும் சிறிய கம்பெனி அது. கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. இன்னும் விற்பனைக்கு வராத காரின் கதவு டிசைன், ஷிப்ட் முடிவதற்குள் ஒரகடத்தில் இருக்கும் கார் கம்பெனிக்குப் போயாக வேண்டும். போன மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஒன்று போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. இன்னொன்று கசிந்தால் ஆர்டர் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஃபைலைப் பூட்டி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. முறையை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“அதான் பூட்டிதானே அனுப்புற? இன்னா பயம்?”

“தொறக்குறது யாருன்னு தெரியணும்லா சார்.”

ஒரகடத்தில் சர்வரைக் கவனிக்கும் வனமாமலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சனிக்கிழமை சர்வர மாத்திட்டோம், அதான். எஸ் குடுத்துருங்க. எல்லாரும் அப்படித்தான் குடுக்காங்க.”

“கேட்டுக்கினியா?” டில்லிபாபு கையை நீட்டினார்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அண்ணாச்சி, புதுக் கைரேகைய வாசிங்க.”

“அவ்வளவு நீளத்தையுமா? எனக்குப் பஸ் போயிரும் தாயி.”

“வாசிங்க.”

சலிப்போடு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். மூன்றாவதிலேயே அவள் நிறுத்தினாள்.

“இங்க வேற எழுத்துல்லா இருக்கு.”

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “எதையும் அனுப்பிராதீங்க. நடுவுல எவனோ பூந்து எங்க சர்வர் மாதிரி நடிக்கான்,” என்றார் வனமாமலை. குரலில் பஸ் அவசரம் போயிருந்தது.

கம்பெனி நெட் கேபிளைப் பிடுங்கினாள். தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாள். அதே எச்சரிக்கை, ஆனால் எழுத்துகள் வேறு. வனமாமலை முதலிலிருந்து வாசிக்க, கடைசி எழுத்துவரை பொருந்தியது. எஸ் கொடுத்தாள். ஃபைல் நகர்ந்தது.

“வந்துட்டு,” என்றார் அவர்.

டில்லிபாபு மூச்சு விட்டார். “அப்போ நடுவுல பூந்தவன்?”

“செல்போன்ல போனா சரியா இருக்கு. நம்ம கேபிள்லதான் சார் ஆள் இருக்கான்.”

இருவரும் நெட் பெட்டி இருக்கும் மூலை அறைக்கு ஓடினார்கள். கம்பெனி ரவுட்டருக்குப் பின்னால், அவள் வாங்கி வைக்காத ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

டில்லிபாபு கேட் வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். “ஷிப்ட் பஸ்ஸ வுடாத. ஒருத்தனும் வெளிய போவக் கூடாது.”