அட்டையில் எழுதாத பால்

...இன்னும் பத்து நிமிடம் ஊறட்டும், அவசரம் ஒன்றும் இல்லை, ஜனெல் நாலரைக்குத்தான் வருவாள், பிரட் துண்டுகள் பாலைக் குடித்துக் கஞ்சி மாதிரி ஆகிவிட வேண்டும், விரலால் அழுத்தினால் கட்டி தட்டக் கூடாது, அப்போதுதான் கொத்துக்கறி ஓவனில் வறண்டு போகாமல் பூவாக வெந்து வரும்... இந்த ஒரு வரியை, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகளுக்கு எழுதிக் கொடுத்த அட்டையில் எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? வெர்லீன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊரில் எந்தச் சாவு வீட்டுக்கும் முதலில் போய்ச் சேருவது அவள் செய்த மீட்லோஃப்தான், கொத்துக்கறியை ரொட்டி மாதிரி பிடித்து ஓவனில் சுட்டது, பாத்திரத்தின் அடியில் பேர் ஒட்டிக் கொடுத்துவிடுவாள், திரும்பி வரும்போது பாத்திரம் கழுவினது போல வழித்துத் துடைத்து இருக்கும். எல்லோரும் மெச்சுகிற கை. அந்தக் கைதான் அதையும் எழுதியது, அதுவும் எத்தனை அழகான கையெழுத்தில்.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை, சர்ச்சின் கீழ்த்தளத்தில், பெண்கள் எல்லோரும் கூடி மணப்பெண்ணுக்கு ஆளுக்கொரு சமையல் குறிப்பு எழுதித் தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், அது வழக்கம்தான், ஜனெல் மஞ்சள் கவுனில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையையும் உரக்கப் படித்தாள். வெர்லீன் எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் நிறுத்தி, "ராட்னிக்கு ரொம்பப் பிடிச்சது இதுதானே அத்தை" என்று கேட்டாள், அந்த முகம் இருக்கிறதே, தங்கப் பொட்டலத்தைக் கையில் கொடுத்த மாதிரி... பாவி, பாவி. பாலும் பிரட்டும் இருக்க வேண்டிய இடத்தில் உப்பு பிஸ்கட் தூள், வெங்காயத்தைத் துருவ வேண்டும், இவள் நறுக்கவும் என்று எழுதினாள், அதோடு விட்டாளா, நன்றாக அழுத்திப் பிசையவும் என்று அடிக்கோடு வேறு. பிசையவே கூடாது, விரல் நுனியால் கலந்துவிட்டால் போதும், பிசைந்தால் கறி செருப்புத் தோல் ஆகிவிடும், தெரிந்தேதான் எழுதினாள். ஏன்? அந்தப் பெண் அவளுக்கு என்ன கெடுதல் செய்தது? ஒன்றுமில்லை. மகன் ஒரேயடியாகப் போய்விடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வயிறாவது அம்மாவைத் தேட வேண்டும், அவ்வளவுதான், அதைத் தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் நெஞ்சு கேட்கிறதா?

பன்றிக்கறியும் மாட்டுக்கறியும் பாதிக்குப் பாதி, முட்டை இரண்டு, துருவின வெங்காயத்தின் சாறும் வீணாகாமல்... மகன் ராட்னி ஒவ்வொரு ஞாயிறும் இந்த மேசையில் உட்கார்ந்து, ஜனெலின் தட்டைக் கத்தியால் தட்டிக் காட்டி, "இவ செய்றத வச்சுக் கதவு சாத்தாம முட்டுக் குடுக்கலாம்மா" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள், ஜனெலும் சிரிப்பாள், வெர்லீன் "சும்மா இருடா, பாவம், பழகிக்குவா" என்பாள், அடேயப்பா, என்ன பெருந்தன்மை. அப்படிச் சொல்லும்போது வயிற்றுக்குள் ஓர் இதமான சூடு பரவும், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பதினாறு வருஷம் அந்தச் சிரிப்பு ஓடியது. பிறகு அவன் டெ மாய்ன் நகரத்தில் வேறொருத்தியோடு போய்ச் சேர்ந்தான், அவள் என்ன சமைக்கிறாளோ, கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதோடு சரி. இந்த வாசலை மிதிக்கிறவள் யார்? ஜனெல். கண் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிறவள் ஜனெல், வாசலில் பனி தள்ளுகிறவள் ஜனெல், விவாகரத்துக்குப் பிறகும் மாமியாருக்கு யாராவது இதையெல்லாம் செய்வார்களா? அவளும் வராமல் போனால் இந்த வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

இனியும் மூடி வைக்க முடியாது, பேத்தி டெஸ்ஸாவுக்குக் கல்யாணம், வருகிற சனிக்கிழமை அதே கீழ்த்தளம், அதே அட்டைகள், ஜனெல் ஞாயிறன்று ஒரு வெற்று அட்டையை இங்கே வைத்துவிட்டு, "உங்க மீட்லோஃபையே எழுதுங்க அத்தை, டெஸ்ஸா அதத்தான் கேட்டா" என்றாள். உண்மையை எழுதினால் அம்மாவும் மகளும் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், குட்டு உடைந்துவிடும். பழையபடியே எழுதினால்... சேச்சே, அந்தக் குழந்தைக்குமா? ஆகையால் இன்றைக்கு ஜனெலிடம் சொல்லிவிட வேண்டும், சாப்பிடுவதற்கு முன்னாலேயே, கை வேலையாக இருக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. சொன்னதும் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? போகட்டும். போய்விடுவாளா?

கதவு திறந்தது. "காத்து எப்படி அடிக்குது பாத்தீங்களா, சோளக்காட்டுச் சருகு பூரா உங்க வராந்தாவுலதான் கெடக்கு" என்றபடி ஜனெல் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி, கேட்காமலேயே குழாயடியில் கை கழுவ நின்றாள். வெர்லீன் கறியைக் கிண்ணத்தில் போட்டாள். "ஜனெல், ஒண்ணு சொல்லணும், உன் கல்யாணத்துக்கு ஒரு அட்ட எழுதிக் குடுத்தேன்ல..." ஜனெல் திரும்பவில்லை. "பால எழுதல. அதுதானே?" என்றாள், சோப்பைத் தேய்த்துக்கொண்டே. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள். "ரெண்டாவது வருஷம், ஈஸ்டருக்கு. உங்க ஃப்ரிட்ஜத் தெறந்தா பிரட்டு பால்ல ஊறிக்கிட்டு இருந்துச்சு. புட்டிங்குக்குன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் புட்டிங்கே வரல." "கோவம் வரலயா உனக்கு?" என்று கேட்டாள் வெர்லீன். "வராம? நல்லா வந்துச்சு. ரெண்டு மாசம் முதுகு வலின்னு சொல்லி இந்தப் பக்கமே வரல, ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது, வலி தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பியதும் ஞாபகம் இருந்தது, அதை அவள் எந்த மனசோடு வாங்கிக்கொண்டாளோ. "என்ன மன்னிச்சுரும்மா" என்றாள் வெர்லீன். "அத விடுங்க அத்தை, அது எப்பவோ ஆறிப்போச்சு."

ஜனெல் பக்கத்தில் வந்து, ஊறிய பிரட்டைப் பிழிந்து கறியில் போட்டு, விரல் நுனியால், நுனியால் மட்டும், கலக்க ஆரம்பித்தாள், எத்தனை லாகவம், பல தடவை பார்த்துப் பழகிய கை. "அந்த ஈஸ்டருக்கு அப்புறம் நீங்க செய்றதக் கவனிச்சுப் பாத்துக்கிட்டு, வீட்டுல நான் ஒரு தடவ இதே மாதிரி செஞ்சேன். பால், துருவின வெங்காயம், எல்லாம். நல்லா வந்துச்சு, நானே ருசி பாத்தேன். உங்க மகன் தட்ட வழிச்சுச் சாப்ட்டுட்டு, வாயத் தொடச்சுக்கிட்டே, பரவால்ல, ஆனா அம்மா கை மாதிரி வராதுன்னாரு." அவள் சிரித்தாள், கசப்பு இருந்ததா அதில், தெரியவில்லை. "அப்புறம் எதுக்கு மெனக்கெடணும்? பழைய அட்டப்படியே செஞ்சேன். அழுத்திப் பிசையச் சொல்லி எழுதிருந்தீங்களா, அதுல கோவமாச்சும் தீந்துச்சு."

வெர்லீனுக்கு இலேசாகியிருக்க வேண்டும், பாரம் இறங்கியிருக்க வேண்டும், அவன் குறை சொன்னதற்குப் பால் காரணம் இல்லையே, பிஸ்கட் தூள் காரணம் இல்லையே... அப்படியானால் வேறு எது? தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எப்படி அவனுக்கு அந்த வார்த்தை வந்தது, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவனுக்கு ஏழு வயது இருக்கும், பக்கத்துப் பண்ணையில் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தான், நல்லா இருந்துச்சாடா என்று இவள் கேட்டாள், ரொம்ப நல்லா இருந்துச்சும்மா என்றான், கண் பளபளக்க, கள்ளம் இல்லாமல். அன்று ராத்திரி முழுக்க இவள் அவனோடு பேசவில்லை. பாத்திரங்களை மட்டும் நங்கு நங்கென்று வைத்தாள். ஜனெல் ஏதோ கேட்டாள், "போதுமா அத்தை, இன்னும் கலக்கணுமா?" போதும், போதும் என்று வாய் சொன்னது. அடுத்த தடவையும் அவன் அங்கே சாப்பிட்டு வந்தான், இவள் அதே கேள்வியைக் கேட்டாள், அவன் முதலில் இவள் முகத்தைப் பார்த்தான், பிறகுதான் சொன்னான், பரவால்லம்மா, ஆனா உன் கை மாதிரி வராது என்று.